சுவரில் ஏறிய படுக்கை விரிப்புகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லான்காஸ்டர் கவுண்டி என்ற மாவட்டத்தில், அமிஷ் என்ற கட்டுப்பாடான கிறிஸ்தவச் சமூகத்துப் பெண்கள் தைத்த பழைய கில்ட் விரிப்புகளில் மஞ்சள் நிறத்தைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். வெள்ளையும் அபூர்வம். பூப்போட்ட துணி மேல்பக்கத்தில் அநேகமாகக் கண்ணில் படாது. இருப்பவை அரக்கு, கத்தரிப்பூ நிறம், மயில்கழுத்து, கரும்பச்சை, ரத்தச் சிவப்பு. ஒரு பெரிய சதுரம், அதற்குள் கோணலாக நிற்கும் இன்னொரு சதுரம், சுற்றிலும் ஒரு சாணுக்கு மேல் அகலமான பார்டர், அவ்வளவுதான். அருங்காட்சியகச் சுவரில் இதைப் பார்ப்பவர்களுக்கு, 1950களில் நியூயார்க்கில் இருந்த யாரோ ஒரு நவீன ஓவியர் வரைந்ததுபோலத் தோன்றும். தைத்தது 1900 வாக்கில் மாடு கறந்து, புகையிலை பயிரிட்டு வாழ்ந்த ஒரு பண்ணை வீட்டுப் பெண்.

இந்தப் பழைய கில்ட்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இந்த வியப்போடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு வேறு இரண்டு கேள்விகள்தான் முக்கியமாகத் தோன்றுகின்றன. அந்த நிறங்களை யார் தேர்ந்தெடுத்தது? அந்தப் பெண்ணின் பெயர் ஏன் காட்சி அட்டையில் இல்லை? இரண்டாவது கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதிலில் பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னணி வேண்டும்.

கில்ட் என்பது மூன்று அடுக்குள்ள படுக்கை விரிப்பு. மேலே துண்டுகளாக வெட்டி இணைத்த துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, கீழே லைனிங். மூன்றும் நகராமல் இருக்க முழுப் பரப்பிலும் சின்னச் சின்ன ஓட்டுத் தையல்கள். பழைய பருத்திச் சேலைகளை அடுக்கித் தைத்துக் கைக்குழந்தைக்கு விரிப்பார்களே, அந்த வேலைக்கு இது தூரத்து உறவு. ஆனால் மிச்சம் மீதித் துணியில் சிக்கனமாகத் தைத்ததுதான் அமிஷ் கில்ட் என்று பரவலாக நம்பப்படுவது லான்காஸ்டர் கில்ட்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. சட்டை தைத்து மிஞ்சிய துணியிலிருந்து அத்தனை பெரிய சதுரத்தை வெட்ட முடியாது. கடையிலோ, ஊர் ஊராக வரும் துணி வியாபாரியிடமோ கஜக்கணக்கில் புதிதாக வாங்கி வெட்டியது அது. துணியும் மட்டமானது இல்லை. லேசான மினுமினுப்புள்ள மெல்லிய கம்பளி. ஹென்ரியெட்டா என்பது அதில் ஒரு ரகத்துக்குக் கடையில் இருந்த பெயர். வடிவம் எளிமையாகத் தெரிந்தாலும் செலவு கணிசமானது.

அமிஷ், அவர்களுக்கு நெருங்கிய மென்னோனைட் என்ற இரு கிறிஸ்தவப் பிரிவினருக்கும் வேர் ஒன்று. 1525ல் சூரிச் நகரில் ஒரு சிறு கூட்டம், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் தானாக விரும்பிப் பெறுவதே ஞானஸ்நானம் என்று சொல்லிப் பிரிந்தது. அரசும் சபையும் ஒன்றாகக் கைகோத்திருந்த காலத்தில் இது ராஜதுரோகத்துக்குச் சமம். 1527ல் அந்தக் கூட்டத்தின் தலைவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற முன்னாள் கத்தோலிக்கப் பாதிரியார் இந்த இயக்கத்தின் முக்கியத் தலைவரானார்; மென்னோனைட் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. 1693ல் யாக்கோப் அம்மான் என்பவர், சபையிலிருந்து விலக்கப்பட்டவரோடு சாப்பாட்டுப் பந்தியில்கூட உட்காரக் கூடாது என்று கறார் காட்ட, இன்னொரு பிளவு. அவர் பக்கம் நின்றவர்கள் அமிஷ். உடையில் பொத்தான் வைப்பதா, கொக்கி வைப்பதா என்பதுகூட இரு தரப்புக்கும் அடையாளமாயிற்று. அமிஷ்காரர்களுக்குக் கொக்கி.

18ஆம் நூற்றாண்டில் இவர்கள் பென்சில்வேனியாவுக்கு வந்து குடியேறியபோது கில்ட் தைக்கும் பழக்கம் இவர்களிடம் இல்லை. இறகு அடைத்த மெத்தையும் தறியில் நெய்த கனத்த விரிப்பும்தான் இவர்கள் வழக்கம். கில்ட் தைப்பதைக் கற்றுக்கொண்டது ஆங்கிலம் பேசிய அக்கம்பக்கத்தாரிடம். அதுவும் உடனே இல்லை; அமிஷ் வீடுகளில் கில்ட் பரவலாகத் தைக்கப்பட்டது 1880களுக்குப் பிறகுதான். அதற்குள் அக்கம்பக்கத்தார் பட்டும் வெல்வெட்டும் ஒட்டிய புது மோஸ்தருக்குப் போய்விட்டார்கள். நடுவில் ஒரு பெரிய வடிவம், சுற்றிலும் பார்டர் என்ற அமைப்பு அவர்களுக்கு அப்போதே பழசு. அமிஷ் பெண்கள் கையில் எடுத்துக்கொண்டது அதைத்தான். இன்று நவீனம் என்று பாராட்டப்படும் இந்த அமைப்பு தைக்கப்பட்ட காலத்தில் மோஸ்தர் போன சரக்கு. எனக்கு இது பிடித்த விஷயம்.

இப்போது நிறத்துக்கு வரலாம்.

அமிஷ் வாழ்க்கையில் எது சரி, எது தவறு என்பதை ஓர்ட்நுங் என்ற ஒழுங்கு முடிவு செய்கிறது. பெரும்பாலும் எழுதி வைக்காத ஒழுங்கு. இருபத்தைந்து, முப்பது குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு சபை வட்டம். ஆண்டுக்கு இரண்டு முறை, திருவிருந்துக்கு முன்னால், அந்த வட்டத்தினர் தங்கள் ஒழுங்கை மறுபடி உறுதி செய்துகொள்வார்கள். தொப்பி விளிம்பின் அகலம், வண்டியின் நிறம், டிராக்டர் வைத்துக்கொள்ளலாமா என்பதெல்லாம் அதில் வரும். உடைக்கு ஒரே நிறமுள்ள பிளெய்ன் துணிதான். கில்ட்டுக்கும் உடைக்கும் வாங்குவது ஒரே கடையில், ஒரே மாதிரித் துணி. எனவே கில்ட்டுக்கென்று தனிச் சட்டம் தேவைப்படவில்லை. உடை ஒழுங்கு அப்படியே கட்டிலுக்கும் போனது.

பூப்போட்ட துணி வேண்டாம் என்பதில் நமக்கும் சம்பந்தமுள்ள ஒரு கிளைக்கதை இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து போன, கையால் வரைந்து சாயம் ஏற்றிய பருத்தித் துணிகள் ஐரோப்பாவில் படுக்கை விரிப்பாகவே விற்றன. அந்தக் கொடிகளையும் பூக்களையும் பார்த்துப் பழகிய சந்தைக்காகத்தான் ஐரோப்பிய ஆலைகள் அச்சிட்ட பருத்தியில் இறங்கின. வசதியான அமெரிக்கக் குடும்பங்களின் தொடக்ககாலக் கில்ட்களில் அந்தப் பூக்களைக் கத்தரித்து ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அமிஷ் பெண்கள் ஒதுக்கி வைத்தது இந்த முழு மரபையும். ஆனால் ஒன்று: லான்காஸ்டர் கில்ட்கள் சிலவற்றின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் லைனிங்கில் பூப்போட்ட துணியோ கட்டம்போட்ட துணியோ இருக்கும். கட்டிலில் விரித்தால் அது தெரியாது. சுவரில் தொங்கவிட்டாலும் தெரியாது. பார்வையாளர் தவறவிடுகிற சுவாரசியங்களில் முதலாவது இதுதான்.

ஒழுங்கு என்ன செய்யக்கூடாது என்று சொன்னதே தவிர, மிஞ்சியதில் எதை எதன் பக்கத்தில் வைப்பது என்று சொல்லவில்லை. அரக்குக்குப் பக்கத்தில் மயில்கழுத்து, கத்தரிப்பூவுக்குப் பக்கத்தில் சிவப்பு என்று வைத்து, இரண்டு நிறமும் ஓரத்தில் துடிப்பதுபோல் செய்தது அந்தந்தப் பெண்ணின் கண். ஆழமான நிறங்கள் கிடைத்ததற்கு 1856க்குப் பிறகு வந்த செயற்கைச் சாயங்களும் ஒரு காரணம், கம்பளி சாயத்தை நன்றாக உறிஞ்சும் என்பது இன்னொரு காரணம். பருத்தியில் அதே நிறம் அவ்வளவு அடர்த்தியாக எடுக்காது. 1940களில் அந்த மெல்லிய கம்பளி சந்தையிலிருந்து மறைந்து ரேயானும் வேறு செயற்கை இழைகளும் வந்தபோது லான்காஸ்டர் கில்ட்களின் முகமே மாறியது. யாரும் ரசனையை மாற்றிக்கொள்ளவில்லை. துணி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கலை வரலாறு எழுதுகிறவர்கள் ஜவுளிக்கடைச் சரக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் அதிகம் பேசலாம்.

எல்லாம் கையால் தைத்தது என்பதும் முழுக்கச் சரியில்லை. அமிஷ் வீடுகளில் மிதி தையல் மெஷினுக்குத் தடை இல்லை, மின்சாரம்தான் கூடாது. துண்டுகளை இணைத்ததும் ஓரப்பட்டி பிடித்ததும் பெரும்பாலும் மெஷினில். மூன்று அடுக்கையும் சேர்க்கும் ஓட்டுத் தையல் மட்டும் கையால். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். ஓர் அங்குலத்துக்குள் எட்டு, பத்துத் தையல் விழும். பார்டர் முழுக்க இறகு வளையம், முறுக்குக் கயிறு, பூசணி விதை, ரோஜா, துலிப், கூடை என்று வளைந்து வளைந்து ஓடும் கோலங்கள். அட்டையிலோ தகரத்திலோ வெட்டிய அச்சை வைத்துச் சாக்பீஸிலோ பென்சிலிலோ வரைந்துகொண்டு தைத்தவை. துணியில் பூவே கூடாது என்று இருந்த வீட்டில் நூலால் எத்தனை பூ! அதுவும் துணியின் நிறத்திலோ அதற்கு நெருங்கிய நிறத்திலோ தைத்திருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேரே நின்று பார்ப்பதைவிடப் பக்கவாட்டில் போய், வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் பார்த்தால்தான் மேடு பள்ளம் எழும். 1950களின் ஓவியத்தோடு ஒப்பிடுவது இங்கேதான் சறுக்குகிறது. நிழற்படத்தில் கில்ட் தட்டையான வண்ணச் சதுரம். நேரில் அது முழுக்கப் புடைப்பு வேலை.

லான்காஸ்டரை மட்டும் பார்த்துவிட்டு அமிஷ் கில்ட் என்றால் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டி, இந்தியானாவின் லாக்ராஞ்ச் போன்ற இடங்களில் கில்ட் பருத்தியில்தான். அங்கே கறுப்புப் பின்னணி பிரபலம்; அதன்மேல் சின்னச் சின்னத் துண்டுகளால் கடலலை, கூடை, கரடிப் பாதம் என்று பல வடிவங்கள். மேற்கே குடியேறியவர்கள் மற்ற சமூகத்தாரோடு கொஞ்சம் அதிகம் பழகியதால் வடிவங்களும் அதிகம் கைமாறின. பென்சில்வேனியாவிலேயே மிஃப்லின் கவுண்டிப் பள்ளத்தாக்கு ஒன்றில் மூன்று அமிஷ் குழுக்கள் அருகருகே வாழ்கின்றன. குதிரை வண்டியின் கூண்டு ஒரு குழுவுக்கு வெள்ளை, ஒரு குழுவுக்கு மஞ்சள், ஒரு குழுவுக்குக் கறுப்பு. வெள்ளைக் கூண்டுக்காரர்கள்தான் மிகக் கட்டுப்பாடானவர்கள். அவர்களுக்கு நெப்ராஸ்கா அமிஷ் என்று பெயர், ஆனால் இருப்பது பென்சில்வேனியாவில். அவர்களின் பழைய கில்ட்களில் பழுப்பும் நீலமுமாக நாலு கட்டம், ஒன்பது கட்டம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பக்கத்து மஞ்சள் கூண்டுக்காரர் வீட்டில் கொஞ்சம் தாராளம். ஒரே பள்ளத்தாக்கில் பத்து மைலுக்குள் இத்தனை வித்தியாசம் இருக்கும்போது, காட்சி அட்டையில் வெறுமனே அமிஷ் என்று எழுதினால் அது ஒன்றும் சொல்லாததற்குச் சமம்.

மென்னோனைட் பெண்களின் கில்ட்கள் இதிலிருந்து வேறு. மென்னோனைட்களில் குதிரை வண்டிக்காரர்களும் உண்டு, கார் ஓட்டிக் கல்லூரிக்குப் போகிறவர்களும் உண்டு. மொத்தத்தில் பூப்போட்ட துணிக்கு அவர்களிடம் தடை இல்லை. இளஞ்சிவப்பு அச்சுத்துணி, ஆரஞ்சு, பச்சை எல்லாம் தாராளமாக வரும். வானவில்லை வரிவரியாக நிறுத்தியதுபோல யோசேப்பின் அங்கி என்று ஒரு வடிவம் உண்டு. பைபிளில் யாக்கோபு மகனுக்குக் கொடுத்த பலவருண அங்கியின் பெயர். லான்காஸ்டர் பகுதி மென்னோனைட்களிடம் அது அதிகம். அருங்காட்சியகங்களில் அமிஷ் கில்ட்டுக்கு ஓர் அறை கிடைத்தால் மென்னோனைட் கில்ட்டுக்கு ஒரு மூலைதான் கிடைக்கிறது. காரணம் தரம் இல்லை. நவீன ஓவியத்தோடு ஒப்பிட அவை தோது இல்லை. மற்ற அமெரிக்கக் கில்ட்களோடு கலந்துவிடுகின்றன. ஒப்பீடு எதைத் தூக்கிக் காட்டியதோ அதுவே விலையையும் சுவரையும் தீர்மானித்தது.

அந்த ஒப்பீட்டுக்கு ஒரு தேதி உண்டு. 1971 கோடையில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜொனாதன் ஹோல்ஸ்டைன், கெயில் வான் டெர் ஹூஃப் இருவரும் தாங்கள் சேகரித்த கில்ட்களை ஓவியம்போல் வெள்ளைச் சுவரில் மாட்டினார்கள். அமெரிக்கக் கில்ட்களில் அருவ வடிவமைப்பு என்பது கண்காட்சியின் பொருள். அறுபது வாக்கில் இருந்த கில்ட்களில் அமிஷ் கில்ட்கள் சில மட்டுமே. ஆனாலும் ஓவியம்போல் பார்க்கலாம் என்று முடிவானபின் மற்ற எதையும்விட அதற்கு வாகாக அமைந்தவை அவைதான். நவீன ஓவியர் யோசெஃப் ஆல்பர்ஸ் 1950 முதல் சதுரத்துக்குள் சதுரமாக வரைந்துகொண்டே இருந்தார். விமர்சகர்களுக்கு உடனே ஞாபகம் வந்தது அவரும் இன்னொரு நவீன ஓவியரான ரோத்கோவும். கண்காட்சி பிறகு அமெரிக்காவின் மற்ற ஊர்களுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது.

எதிர்ப்பும் வந்தது. 1973ல் கலை வரலாற்றாளர் பட்ரிசியா மைனார்டி, ஆண் ஓவியர்களை அளவுகோலாக வைத்துத்தான் பெண்களின் வேலையை மதிக்க வேண்டுமா என்ற கோணத்தில் கடுமையாக எழுதினார். தைத்தவர் யார், எதற்குத் தைத்தார் என்பதை உதறிவிட்டு வடிவத்தை மட்டும் பார்ப்பது அவருக்கு ஒப்பவில்லை. எனக்கு இருவர் தரப்பிலும் நியாயம் தெரிகிறது. சுவரில் மாட்டியிராவிட்டால் பாதிக் கில்ட்கள் இன்று கந்தலாகியிருக்கும். மாட்டியதற்கு விலையாகப் போனவை தைத்தவர்களின் பெயர்கள்.

அது நடந்த விதம் இது. கண்காட்சிக்குப் பிறகு வியாபாரிகளும் தரகர்களும் லான்காஸ்டரிலும் ஒஹாயோவிலும் பண்ணை பண்ணையாகக் கதவு தட்டினார்கள். முதலில் சில பத்து டாலருக்குக் கிடைத்த கில்ட், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் விலை போனது. விற்றவர்கள் ஏமாந்துதான் விற்றார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1970களில் அமிஷ் பெண்களுக்கே அந்த இருண்ட கம்பளிக் கில்ட்கள் பாட்டி காலத்துப் பழசு. அவர்களுக்குப் பிடித்தது வெளிர் நிறமும் துவைக்கச் சுலபமான பாலியெஸ்டரும். ஒரு கில்ட்டை எட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க முடியாது, பணத்தைப் பிரிக்கலாம். வீட்டில் ஒரு பொருளுக்கு அவ்வளவு மதிப்பு ஏறுவதே பெருமைக்கு இடம் கொடுக்கும் என்று சங்கடப்பட்டவர்களும் உண்டு. எனவே விற்றார்கள்.

விற்கும்போது அந்தக் குடும்பத்துக்குத் தெரியும், இது யார் தைத்தது என்று. அமிஷ் தாய்மார் மகள், மகன் இருவருக்குமே கல்யாணத்துக்குக் கில்ட் தைத்துக் கொடுப்பது வழக்கம்; வாங்கியவருக்கு அம்மாவின் கை தெரியாமல் போகுமா? சில கில்ட்களில் முதலெழுத்தும் ஆண்டும் மூலையிலோ அடிப்பக்கத்திலோ தைத்தே இருக்கும். ஆனால் எந்த வீட்டில் வாங்கினோம் என்று சொன்னால் போட்டி வியாபாரி அந்த வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே தரகர் சொல்லவில்லை. அவரிடம் வாங்கிய கடைக்காரருக்கு ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தது. கடைக்காரரிடம் வாங்கிய சேகரிப்பாளருக்குக் கவுண்டி பெயர். அருங்காட்சியகத்துக்கு வரும்போது, ‘தயாரித்தவர் பெயர் தெரியவில்லை, லான்காஸ்டர் கவுண்டி, சுமார் 1910’. இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம், அமிஷ் சமூகம் பணிவைப் போற்றுவது, தன் பெயரைப் பொறிப்பது அகந்தை என்பது. கையெழுத்து போடாததற்கு அது காரணமாக இருக்கலாம். பெயர் தொலைந்ததற்குக் காரணம் சந்தைதான்.

பணிவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொரு கதையையும் முடித்துவிடலாம். முழு நிறைவு கடவுளுக்கு மட்டுமே என்பதால் அமிஷ் பெண்கள் வேண்டுமென்றே ஒரு துண்டைத் தப்பாக வைப்பார்கள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். நிறம் மாறிய துண்டைக் காட்டி நிரூபிக்கவும் செய்வார்கள். இதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் கிடையாது. தெரிந்தே தவறு செய்தால்தான் குறை இருக்கும் என்று நினைப்பவர், அதில்லாமல் தன் வேலை நிறைவானது என்று நம்புகிறார் என்றுதானே பொருள்? அதுதான் அவர்கள் மொழியில் அகந்தை. நிறம் மாறியதற்குத் துணி தீர்ந்துபோனது போதுமான காரணம். அதேபோல, கோணல் சதுர வடிவம் அமிஷ் சபைப் பாடல் நூலான ஆவுஸ்பண்டின் தோல் அட்டையிலிருந்து வந்தது என்பதும் அழகான ஊகம்தான்.

சேகரித்தவர்களில் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் எஸ்ப்ரி ஆடை நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான டக் டாம்ப்கின்ஸ், தன் அலுவலகச் சுவர்கள் முழுக்க அமிஷ் கில்ட்களை மாட்டினார். அலுவலகமே அருங்காட்சியகம்போல ஆகி, 1990ல் அந்தச் சேகரிப்பு அதே நகரின் டி யங் அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சியானது. 2002ல் அதிலிருந்து 82 லான்காஸ்டர் கில்ட்களை லான்காஸ்டரின் பாரம்பரிய மையம் வாங்கி ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்தது. அவற்றுக்காகவே 2004ல் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில் தனி அருங்காட்சியகம் திறந்தார்கள். அது பத்தாண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இதற்கு நடுவே 2001ல் அமெரிக்கத் தபால் துறை நான்கு அமிஷ் கில்ட்களைத் தபால்தலையாக்கியது. ஹோல்ஸ்டைன் சேகரிப்பு நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் உள்ள சர்வதேசக் கில்ட் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1973ல் வாஷிங்டனில் ஒரு காட்சியில் அமிஷ் கில்ட்களைப் பார்த்து அசந்துபோய் 1977 முதல் வாங்கத் தொடங்கிய ஃபெயித், ஸ்டீஃபன் பிரவுன் தம்பதியின் சேகரிப்பிலிருந்து சுமார் 50 கில்ட்களை ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் 2024ல் காட்சிக்கு வைத்தது. தைத்த பெண்களைத் தலைப்பிலேயே குறிப்பிட்ட கண்காட்சி அது. 1971க்கும் அதற்கும் இடையில் ஐம்பது ஆண்டு போயிருந்தது.

காட்சிக் கூடம் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: துணிக்கு வெளிச்சம் எதிரி. பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் வெளிச்சம் விடுவார்கள். சில மாதங்கள் மாட்டிவிட்டுக் கழற்றி, நீண்ட ஓய்வுக்கு அனுப்புவார்கள். மங்கிய சாயம் திரும்பி வராது. கனமான கில்ட்டைத் தொங்கவிட்டால் சொந்த எடையே தையலை இழுக்கும், அதனால் மேல் ஓரம் முழுக்கப் பாரம் பரவும்படி பட்டி தைத்து மாட்டுகிறார்கள் அல்லது சாய்வான பலகையில் கிடத்துகிறார்கள். கிடங்கில் மடித்து வைத்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். அமிலமில்லாத காகிதம் சுற்றிய குழாயில் சுருட்டி வைப்பார்கள். கம்பளி என்றால் அந்துப்பூச்சி பயம் வேறு. இரும்புச் சத்தால் ஏற்றிய பழைய கறுப்பு, பழுப்புச் சாயங்கள் துணியை உள்ளிருந்தே அரிக்கும். சுற்றியுள்ள நிறமெல்லாம் திடமாக இருக்க, அந்தத் துண்டு மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்த கில்ட்கள் இருக்கின்றன.

நூறு வயதுக் கில்ட்கள் இவ்வளவு பளிச்சென்று இருப்பதற்கு இதெல்லாம் மட்டும் காரணமில்லை. அவை தினமும் போர்த்தியவை இல்லை. விருந்தினர் அறைக் கட்டிலில், நல்ல நாளில், குறிப்பாக வீட்டில் சபை கூடும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் விரித்தவை. அமிஷ்காரர்களுக்குத் தனிக் கோயில் கட்டடம் இல்லை. முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவார்கள். அன்றாடம் பிள்ளைகள் உருண்டு புரண்ட தடித்த கம்பளிப் போர்வைகள் தேய்ந்து, கிழிந்து, தூக்கிப் போடப்பட்டுவிட்டன. நாம் பார்ப்பது ஒரு சமூகத்தின் பெட்டிக்குள் இருந்த சரக்கு. அதை வைத்து அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று தெரிந்துகொள்ள முடியாது.

உழைத்துத் தேய்ந்த கில்ட்களும் சில தப்பின, மென்னோனைட் பக்கத்தில். பட்டினியில் வாடிய ரஷ்ய மென்னோனைட்களுக்கு உதவ 1920ல் தொடங்கிய மென்னோனைட் மத்தியக் குழு, இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் அமெரிக்க, கனடிய சபைப் பெண்கள் தைத்த கில்ட்களையும் போர்வைகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பியது. நெதர்லாந்தில் அகதிகளைத் தங்கவைத்த ஆன் கெய்னிங் டிகெலார் என்ற மென்னோனைட் பெண்மணி அவற்றில் சிலவற்றைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். பின்னால் அவை ஊர் ஊராகக் காட்சிக்குப் போயின. கறையும் ஒட்டும் உள்ள அந்தக் கில்ட்கள் எந்த நவீன ஓவியத்தையும் நினைவூட்டாது. எனக்கு அவற்றைப் பார்க்க ஆசை அதிகம். நிவாரண நிதிக்காகக் கில்ட் ஏலம் விடுவதை மென்னோனைட் சபைகள் இன்றும் நடத்துகின்றன.

விலை ஏறிய கதையின் இன்னொரு கிளை லான்காஸ்டரின் கடைத்தெருவுக்குப் போகிறது. பழைய கில்ட் வாங்க முடியாத சுற்றுலாக்காரர்கள் புதுக் கில்ட் கேட்டார்கள். அமிஷ், மென்னோனைட் பெண்கள் கடை திறந்தார்கள். வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும் வலை ஒன்று உருவானது. 1975க்குப் பிறகு லாவோஸிலிருந்து தப்பி வந்த ஹ்மாங் அகதிகளில் சிலர் சபைகளின் உதவியோடு இந்தப் பகுதியில் குடியேறினார்கள். துணிமேல் துணி வைத்து நுணுக்கமாகத் தைக்கும் பா ந்தாவ் என்ற சொந்த மரபு அந்தப் பெண்களுக்கு இருந்தது. பூவேலையை ஹ்மாங் பெண் தைக்க, ஓட்டுத் தையலை அமிஷ் பெண்கள் முடிப்பது 1980களிலிருந்து சாதாரணமாயிற்று. முழுக் கில்ட்டையும் ஹ்மாங் பெண்களே தைப்பதும் நடந்தது. அமிஷ் கில்ட் வேண்டும் என்று வந்தவர்களிடம் சில கடைகள் இதை வெளிப்படையாகச் சொல்லின. மற்ற கடைகளில் உள்ளூரில் தைத்தது என்று மட்டும் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.